சத்து மாத்திரை வாங்கும் பெற்றோருக்கு

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்கள் இரண்டில் ஒரு பெயர் பிள்ளையின் ஃபைலில் ஏறிவிட்ட வீடுகளின் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



இதைப் பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில் தலைகாட்டுகிறது. ப்ளஸ் டூ, கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு என்று வீடு எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும் வயது. அந்த வயதுப் பிள்ளை என்ன மாத்திரை விழுங்குகிறது என்பதை நம் வீடுகளில் இன்னமும் பெற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். டாக்டர் சீட்டில் எழுதியது ஒரு பாதி. சொந்தக்காரர் சொல்லி, விளம்பரம் பார்த்து, மெடிக்கலில் எடுத்துக் கொடுத்துச் சேர்ந்தது மறு பாதி. அந்த மறு பாதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நானும் குரோன்ஸ் நோயாளிதான். கல்லூரியில் படிக்கும்போது வந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். இன்று என் மகளே கல்லூரிக்குப் போகிறாள். அதனால் நோயாளியின் அலுப்பும் தெரியும், பெற்றவளின் பதைப்பும் தெரியும்.

சத்து மாத்திரை உங்கள் வீட்டுக்குள் இரண்டு வேலைக்காக வருகிறது. குறைந்துபோன சத்தை நிரப்புவது ஒன்று. நோயையே ஆற்றிவிடும் என்ற நம்பிக்கை இன்னொன்று. முதல் வேலைக்கு வரும்போது அது மருந்து. ரத்தப் பரிசோதனை பார்த்து, அளவு பார்த்து, எத்தனை நாள் என்று கெடு வைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து. இரண்டாவது வேலையை நம்பி வாங்கினால் பணம் போவதோடு நிற்காது. சில நேரம் குடலும் சேர்ந்து போகிறது.

ரத்தச்சோகையிலிருந்து தொடங்குகிறேன், எல்லா வீட்டிலும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. பிள்ளை வெளுத்துப்போகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடனே முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்பு டானிக். குடல் புண்ணிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது டானிக் மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு உள்ளே போகும் வழியையே அடைத்துவிடும். எவ்வளவு விழுங்கினாலும் முக்கால்வாசி மலத்தோடு வெளியே போகும். போகிற வழியில் வயிற்று வலியையும் குமட்டலையும் கொடுத்துவிட்டுப் போகும்.

ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஃபெரிட்டின் 60 என்று இருக்கலாம். லேப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவுக்குள் அது அடங்கும். இரும்பு இருக்கிறது என்று நிம்மதியாகி ஃபைலை மூடத் தோன்றும். மூடாதீர்கள். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிக் காட்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடியிருக்கும் சமயத்தில் ஃபெரிட்டின் 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைபாடு இருக்கலாம் என்பதுதான் குடல் அழற்சிக்கான ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதல். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கி, நோயும் தணியாமல் இருந்தால் மாத்திரையை விட டிரிப்ஸில் ஏற்றும் இரும்பு மருந்தே முதலில் யோசிக்க வேண்டியது. இதை டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

மாத்திரைதான் என்று முடிவானால், தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். மேல் குடலிலோ இரைப்பையிலோ ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். ஆனால் அது பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கும். தேதி தெரிந்தால் டாக்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும். காலை மாத்திரை கொடுத்த கையோடு டீ கொடுக்காதீர்கள், கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் கொடுக்காதீர்கள். இரண்டுமே இரும்பை உறிஞ்ச விடாது.

பி12 என் சொந்த விஷயம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும்தான் அது ரத்தத்தில் சேர்கிறது. அந்த இடத்தில்தான் குரோன்ஸ் அதிகமாக உட்காருகிறது. 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் குரோனும் அவருடைய சகாக்களும் இந்த நோயை விவரித்து எழுதியபோதே அந்தப் பகுதியின் பெயரைத்தான் நோய்க்கு வைத்தார்கள். அந்த இடத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டால் பி12 குறையும் வாய்ப்பு அதிகம். ஆனால் உடனே தெரியாது. கல்லீரலில் பல வருஷத்துக்கான சேமிப்பு இருக்கும். அறுவை முடிந்து பிள்ளை தேறி, வேலைக்கும் போய், எல்லாம் மறந்துபோன பிறகு கால் மரத்துப்போகும், நாக்கு எரியும், மறதி வரும். எனக்கு ஊசி வாழ்நாள் முழுக்க. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊசி என் நரம்புகளைக் காப்பாற்றுகிறது. இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தச்சோகை சரியாகிவிடும், நரம்பு கெடுவது மட்டும் உள்ளே தொடரும். சல்ஃபாசலசின் அல்லது மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஃபோலிக் ஆசிட் அவசியம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

வைட்டமின் டி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு எலும்பு தேயும். வெயிலில் விளையாடாமல், பால் ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் கிடக்கும் பிள்ளைக்கு டி குறைவாகத்தான் இருக்கும். டாக்டர் 60,000 யூனிட் சாஷே எழுதுவார். பாலில் கலக்கிக் குடிக்கிற அந்தச் சின்ன பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். வாரம் ஒன்று, பொதுவாக எட்டு வாரம், பிறகு மறுபடி ரத்தம் பார்த்து அளவைக் குறைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா அதைத் தினமும் ஒன்றாகக் கொடுத்துவந்தார். சீட்டில் இருந்த கிறுக்கலை அவரும் படிக்க முடியவில்லை, மெடிக்கலிலும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கொலைட்டிஸ் வந்து தினமும் பத்து முறை ஓடிக்கொண்டிருந்த பையனுக்குச் சில வாரங்களில் மலம் கட்டியது. வீடே சந்தோஷப்பட்டது. மருந்து வேலை செய்கிறது என்று இன்னும் நாலு பாக்கெட் வாங்கி வைத்தார்கள். பிறகு தீராத தாகம், வாந்தி, குழப்பமான பேச்சு. ரத்தத்தில் கால்சியம் தாறுமாறாக ஏறியிருந்தது, சிறுநீரகமும் பாதித்திருந்தது. மலம் கட்டியதே அந்தக் கால்சியத்தால்தான். பையன் பிழைத்துக்கொண்டான். அந்த அம்மாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. "வாரம் ஒருமுறை, ஞாயிறு" என்று யாராவது தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். மெடிக்கல் கவுன்ட்டரில் நின்று ஒவ்வொரு அட்டையின் மேலும் எழுதி வாங்குங்கள். பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை.

சத்து என்றாலே கூடினால் நல்லது என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காது. செரிக்காத கொழுப்பு குடலில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் தனியாக நின்று ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் கல்லாக இறங்கும். எதிர்ப்புச் சக்திக்கு என்று வைட்டமின் சி-யைப் பெரிய அளவில் தினமும் கொடுத்தால் உடம்பு அதையும் ஆக்சலேட்டாக்கும். துத்தநாகம் ஓயாத வயிற்றுப்போக்கில் குறையும், கொடுக்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் கேட்பாரில்லாமல் ஓடினால் செம்புச்சத்தைக் குறைத்துவிடும். மெக்னீசியம் மாத்திரை வயிற்றுப்போக்கையே கூட்டலாம். இசப்கோல் பல வீடுகளில் கைவைத்தியம். குடல் சுருங்கியிருக்கும் குரோன்ஸ் பிள்ளைக்கு அது உள்ளே உப்பி அடைப்பு உண்டாக்கலாம், ஸ்கோப்போ ஸ்கேனோ பார்த்தவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். நம் ஊரில் குரோன்ஸ் நோயாளிகள் பலருக்கு முதலில் குடல் காசநோய் என்றுதான் சிகிச்சை தொடங்கும், இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால். அந்த மாத்திரைகளோடு எழுதிய பி6 சிகிச்சை முடிந்த பிறகும் வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அளவில் நெடுநாள் போனால் அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. நோய் முற்றிய இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டும். அவளுக்கு நோயை விட அது பெரிய துக்கமாக இருக்கும், அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். உடம்பு தேறினால் பெரும்பாலும் முடி திரும்ப வளரும். இரும்பும் துத்தநாகமும் பாருங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை பெரிய அளவில் போனால் தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017-ல் இதை எச்சரித்தது. ரத்தம் கொடுக்கப் போகும்போது லேப்பில் சொல்லிவிடுங்கள்.

இனி இரண்டாவது வேலை. நோயை ஆற்றும் என்று வருபவை.

மஞ்சளை ஒதுக்கிப் பேச எனக்கு மனமில்லை, பேசவும் கூடாது. 2006-ல் ஜப்பானில் 89 கொலைட்டிஸ் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருந்தோடு மஞ்சளிலுள்ள குர்குமினைத் தினம் 2 கிராம் ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பி வந்தது குறைவாக இருந்தது. நல்ல செய்தி. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு அல்ல, மருந்தோடு. குரோன்ஸில் அல்ல, கொலைட்டிஸில், அதுவும் நோய் அடங்கியிருந்தவர்களிடம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நோய் கிளம்பியிருந்தவர்களுக்குத் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை. சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ராத்திரி மஞ்சள் பால் கொடுங்கள், பிள்ளைக்குப் பிடித்தால். அது அந்த 2 கிராமை எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று மிளகுச் சாறு சேர்த்த கேப்சூல் வாங்கினால் அதற்கும் விலை உண்டு. அப்படிப்பட்ட கேப்சூல்களால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவுகள் இருக்கின்றன.

சீந்தில் கொடி கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்தது. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்த ஆறு பேரைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மறு ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. உங்கள் பிள்ளை அசாதியோபிரின் எடுக்கிறதென்றால் அதுவே கல்லீரலைத் தொடக்கூடிய மருந்து, அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் பார்க்கிறார்கள். வீட்டில் ஒரு மூலிகையும் ஓடினால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ஏறும்போது எதனால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் தன் கையில் இருக்கும் ஒன்றைத்தான் நிறுத்துவார். பிள்ளைக்குப் பொருந்தியிருந்த நல்ல மருந்து அப்படிக் கைவிட்டுப் போவது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

வயிற்றைச் சுத்தம் செய்யும் பொடிகளில் நிலவாகையோ கடுக்காயோ இருக்கும். கற்றாழை ஜூஸின் மஞ்சள் பாலும் பேதி மருந்துதான். ஏற்கெனவே புண்ணான குடலுக்குச் சுத்தம் தேவையில்லை. பெயர், பொருள், தயாரிப்பாளர் எதுவும் அச்சிடாத பாக்கெட்டில் வரும் பொடி மூன்றே நாளில் வலியையும் பேதியையும் நிறுத்தினால் பயப்படுங்கள். இப்படி விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அளவு தெரியாத ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

புரோபயாடிக் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன். குரோன்ஸில் பலன் காட்டவில்லை. கொலைட்டிஸில் சில கலவைகளுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு, எல்லா பாட்டிலுக்கும் இல்லை. வீட்டுத் தயிர் ஒத்துக்கொண்டால் கொடுங்கள். மீன் எண்ணெய் கேப்சூலை குரோன்ஸுக்கு இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்து 2008-ல் பயனில்லை என்று முடித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணனிடம் அதை வாங்கி வரச் சொல்ல வேண்டாம்.

பவுடர் என்று வரும்போது மட்டும் நான் சொன்ன பாகுபாடு கொஞ்சம் தளர்கிறது. குரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் இட்லி, சோறு எதுவும் இல்லாமல் மருத்துவப் பால் பவுடர் உணவு ஒன்றை மட்டுமே கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஸ்டீராய்டு இல்லாமலே நோயை அடக்கக்கூடியது, வளரும் பிள்ளைகளுக்கு முதல் தேர்வாகவே சொல்லப்படுவது. கஷ்டம்தான். வீட்டில் தாளிக்கிற வாசனை வரும்போது அந்தக் குழந்தை டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வாரங்களில் வீட்டார் எல்லோரும் அதன் கண்ணெதிரே சாப்பிடாமல் இருந்தால் பெரிய உபகாரம். ஆனால் இதை உணவியல் நிபுணர் எடை பார்த்துக் கணக்குப் போட்டுத் தர வேண்டும். விளம்பரத்தில் பிள்ளை உயரமாக வளரும் டப்பா இதன் இடத்துக்கு வராது. ஜிம் புரோட்டீன் டப்பாவும் வராது. கேரள மருத்துவர்கள் நம் நாட்டில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியிட்டபோது, 25-ல் லேபிளில் போட்ட புரத அளவு பொருந்தவில்லை.

எந்தச் சத்து டப்பாவானாலும் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்படி அதில் மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வாசகம் இருந்தாக வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது உணவு. நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபித்துவிட்டு அது கடைக்கு வருவதில்லை.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாமே என்பீர்கள்; சொல்லப் பயமாக இருக்கிறது என்பதும் தெரியும். என் அம்மா ஒருமுறை லேகிய டப்பாவை எடுத்துக் காட்டியபோது, எதிரே இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. படித்த வீடாகத் தெரிகிறதே என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அம்மா எந்த டாக்டரிடமும் எதையும் காட்டவில்லை. அவமானப்பட்டவர்கள் மறைக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், மறைக்காதீர்கள். அடுத்த ஓ.பி.க்கு வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும், பாதி தீர்ந்த பாட்டில் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் நர்ஸிடமோ டயட்டீஷியனிடமோ காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: எந்தக் குறைக்காக, எவ்வளவு, எது வரை. மூன்றுக்கும் பதில் இல்லாததை நிறுத்துவது பற்றி அங்கேயே பேசிவிடுங்கள்.

டாக்டர் சீட்டில் எழுதியதை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சத்து டப்பா சாப்பிட்ட ஒரு மாதத்தில் பிள்ளை தெளிவாக இருந்தால், இனி இங்கிலீஷ் மருந்து எதற்கு என்று தோன்றும். இந்த நோய் தானாகவே அடங்கும், தானாகவே கிளம்பும். அடங்கிய மாதத்தில் எது கையில் இருந்ததோ அதற்குப் பேர் போய்விடும். வலி இல்லை என்பதால் உள்ளே புண் ஆறிவிட்டது என்றும் ஆகாது. சத்தமில்லாமல் எரியும் அழற்சி குடலைத் தழும்பாக்கிச் சுருக்கும். அப்படிச் சுருங்கிய குடலை மாத்திரை விரிக்காது, பல நேரம் வெட்ட வேண்டியதாகிவிடும். வெட்டிய குடல் திரும்ப வளராது.

சத்தமில்லாத அந்த அழற்சியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கால்ப்ரொடெக்டின் என்று மலத்தில் பார்க்கும் பரிசோதனை. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே குவிந்து இந்தப் புரதத்தை விடும். 250-ஐத் தாண்டினால் உள்ளே நோய் விழித்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும். எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள், செலவும் ஆகும். மாதா மாதம் சத்து டப்பாக்களுக்குப் போகும் பணத்தைக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்ய அந்தப் பணம் போதும்.

அன்புடன்,
குரோன்ஸோடு வாழும் ஓர் அம்மா